வீணைச் சேனலில் மிருதங்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

கலையகத்தில் எட்டுச் சேனல் பிரீஆம்ப் ஒன்றை வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன். மைக்கிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி அது; ஒரு மைக்குக்கு ஒரு சேனல். மூன்றாம் சேனலில் மிருதங்கம், நான்காவதில் வீணை. வீணையை மட்டும் தனியே கேட்டால், பின்னால் மிருதங்கம் 'டிக் டிக்' என்கிறது. வீணை மைக்கில் மிருதங்கம் விழுகிறது, வேறென்ன என்று தடுப்புப் பலகைகளை நகர்த்தி நகர்த்தியே அரை நாளைத் தொலைத்தேன்.

முதலில் செய்திருக்க வேண்டியது வேறு. மைக்கைக் கழற்றிவிட்டு, 150 ஓம் மின்தடை ஒன்றை மூன்று ஊசி மைக் பிளக் ஒன்றின் இரண்டாம், மூன்றாம் ஊசிகளுக்கு நடுவே பற்றவைத்து, அதைச் செருக வேண்டும். காற்று வழி அடைபட்டுவிடும். பிரீஆம்போ மைக் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். வெறுமனே திறந்து விடக்கூடாது. திறந்த வாய் அக்கம்பக்கத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும், சோதனை பொய்த்துவிடும். செருகினேன். மிருதங்கம் நிற்கவில்லை. கசிவு பெட்டிக்குள்தான்.

இனிக் காதுக்கு வேலை. வலந்தலையின், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்கத்தின், கணீரென்ற சாப்பு கேட்கிறது. இடப்பக்கமான தொப்பியின் கனத்த கும்கி துளியும் இல்லை. அருகருகே ஓடும் இரண்டு கம்பிகள் தமக்குள் ஒரு சின்ன மின்தேக்கியாகிவிடும். அதன் வழியே கீச்சொலி எளிதில் தாவும், கனத்த ஒலி தாவாது. ஒரு ஸ்தாயி ஏறினால் கசிவு இரட்டிப்பாகும்.

வீணையின் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, குறைத்தேன். கசிவும் கூடவே குறைந்தது. ஆகவே பெருக்கத்துக்கு முன்பே நுழைகிறது. மூடியைத் திறந்தால், மூன்றாம் சேனலின் வெளியீட்டுக் கம்பியும் நான்காம் சேனலின் உள்ளீட்டுக் கம்பியும் ஒரே பிளாஸ்டிக் கட்டுக்குள் கிடக்கின்றன. தாவுவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். அது 80 டெசிபல் இடைவெளி, காகிதத்தில் பிரமாதம். வீணைக்கு நான் கொடுத்திருந்ததோ 60 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு. வெளியே வரும்போது பத்தில் ஒரு பங்கு மிருதங்கம்! முன்பு ஒருமுறை பழுதுபார்த்தபோது, உள்ளே பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அந்தக் கட்டைப் போட்டதும் நான்தான்.

கட்டை வெட்டிக் கம்பிகளைப் பிரித்தேன். குறுக்கிட்டே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிட்டேன். சாப்பு மறைந்தது.

கும்கியும் சேர்ந்து கேட்டிருந்தால் கம்பிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். எல்லாச் சேனல்களும் பங்கிட்டுக்கொள்ளும் மின்வழங்கியையும் கிரவுண்ட் இணைப்பையும்தான் முதலில் சந்தேகித்திருப்பேன். ஆண்டுக்கணக்கில் சூட்டில் காய்ந்துபோன மின்தேக்கிகள் இருக்குமிடம் அது. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்ற ஒரு சாயங்காலம் போதாது.