பத்து மணி நேர ஓய்வு லாக் புக்கில் எப்படி ஏறுகிறது?

[திரையில்: வெற்று லாக் தாள். குறுக்கே நான்கு வரிசை, நீளவாட்டில் 24 கட்டங்கள்.]

வணக்கம். பார்த்தால் பள்ளிக்கூட கிராஃப் நோட்டு மாதிரி இருக்கிறதா? அமெரிக்காவில் நெடுந்தூர சரக்கு லாரி ஓட்டுகிறவரின் ஒரு நாள் முழுவதும் இந்த ஒரு தாளில் அடங்கிவிடும். நள்ளிரவு 12-இல் தொடங்கி மறு நள்ளிரவு 12 வரை 24 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கால் மணிக்கு ஒரு சின்னக் கோடு.

மேலிருந்து நான்கு வரிசை. முதலாவது ‘ஆஃப் டியூட்டி’. இரண்டாவது ‘ஸ்லீப்பர் பெர்த்’, அதாவது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் படுக்கை. மூன்றாவது ‘டிரைவிங்’. நான்காவது ‘ஆன் டியூட்டி’: வண்டி ஓட்டவில்லை, ஆனால் வேலையில் இருக்கிறார். டீசல் போடுவது, டயர் பார்ப்பது, சரக்கு இறக்குவது எல்லாம் இதில் சேரும்.

முதல் இரண்டு வரிசையும்தான் ஓய்வு. தூக்கத்துக்கென்று தனி வரிசை கிடையாது, கவனித்தீர்களா? படுக்கையில் இருந்தாரா என்பது மட்டும்தான் இந்தத் தாளுக்குத் தெரியும். உள்ளே குறட்டை விட்டாரா, விடிய விடிய போன் பார்த்தாரா என்று அது கேட்காது.

இப்போது விதி. தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு எடுத்தால்தான் புதுக் கணக்கு தொடங்கும். வேலையைத் தொட்ட நிமிடத்திலிருந்து 14 மணி நேரம். அதற்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். இது சரக்கு வண்டிக்கு. பயணிகள் பேருந்துக்குக் கணக்கு வேறு. இதற்கு மேலே வாரக் கணக்கு ஒன்றும் உண்டு, பெரும்பாலும் 8 நாளில் 70 மணி நேரம். அதைத் தொடர்ச்சியாக 34 மணி நேரம் ஓய்வெடுத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ளலாம். அது இன்று நமக்கு வேண்டாம்.

சரி, ஒரு நாளை நாமே வரைந்து பார்க்கலாம்.

[திரையில்: பேனா இரண்டாவது வரிசையில் கோடு இழுக்கிறது.]

ஓக்லஹோமா சிட்டியில் முந்தின இரவு 8 மணிக்குப் படுத்தவர் ஒருவர். அதனால் இன்றைய தாளில் நள்ளிரவிலிருந்து காலை 6 வரை ஸ்லீப்பர் வரிசையில் ஒரே நேர்கோடு. 6 மணிக்குக் கோடு செங்குத்தாக நான்காவது வரிசைக்கு இறங்குகிறது. அரை மணி நேரம் வண்டியைச் சுற்றிப் பார்த்துச் சோதிக்கிறார். 6:30-க்கு மூன்றாவது வரிசைக்கு ஏறுகிறது. ஐ-40 சாலையில் மேற்கே ஏறக்குறைய 260 மைல், 10:30-க்கு அமரில்லோ. அங்கே கிடங்கில் பாதிச் சரக்கு இறக்க இரண்டு மணி நேரம், மறுபடி நான்காவது வரிசை. 12:30-க்குச் சாப்பாடு, அரை மணி, முதல் வரிசை. ஒரு மணியிலிருந்து 5:30 வரை ஓட்டம், அல்புகர்கி. அரை மணி டீசல். 6 மணிக்குப் படுக்கை.

கோடு திரும்பும் ஒவ்வொரு இடத்துக்கும் கீழே ஊர்ப் பெயரும் மாநிலமும் எழுத வேண்டும். வலது ஓரத்தில் கூட்டல்: ஸ்லீப்பர் 12, ஓட்டம் எட்டரை, வேலை 3, ஆஃப் டியூட்டி அரை. மொத்தம் 24. கால் மணி குறைந்தாலும் தாள் தப்பு. சோதனை அதிகாரி முதலில் கண்ணை ஓட்டும் இடமே இதுதான்.

இந்தத் தாளில் ஓய்வு மாதிரி தெரிந்தும் உதவாத ஓய்வு ஒன்று இருக்கிறது. மதியச் சாப்பாட்டு அரை மணி. காலை 6-க்குத் தொடங்கிய 14 மணி நேரம் சாப்பிடும்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரவு 8-க்கு முடியும். 2004-க்கு முன்னால் இப்படி இல்லை. அப்போது 15 மணி நேரக் கணக்கு, இடையில் எடுக்கும் ஆஃப் டியூட்டி அதில் சேராது. அசதியாக இருந்தால் இரண்டு மணி நேரம் ஓரங்கட்டித் தூங்கலாம், கடிகாரம் காத்திருக்கும். 2004 ஜனவரியில் வந்த விதி ஓய்வை 8-லிருந்து 10 மணி நேரமாக உயர்த்தியது, நல்ல விஷயம். கூடவே கடிகாரத்தை நிறுத்தும் வழியையும் பெரும்பாலும் அடைத்துவிட்டது. கண் சொருகும்போது படுத்தால் நாள் கரைகிறது என்ற அவசரம் அதிலிருந்து வந்தது. எனக்கு இது சரியான ஏற்பாடாகப் படவில்லை.

8 மணி நேரம் ஓட்டிய பிறகு அரை மணி இடைவெளி கட்டாயம் என்றும் ஒரு விதி உண்டு. 2020 செப்டம்பருக்குப் பிறகு அதற்கு ஓய்வுதான் வேண்டும் என்றில்லை. ஓட்டாமல் இருந்தால் போதும். நம் ஆளுக்கு அமரில்லோவில் சரக்கு இறக்கிய நேரமே அதற்குக் கணக்காகிவிடும்.

இனி ‘ஸ்ப்ளிட்’, அதாவது பத்து மணி நேர ஓய்வை இரண்டு துண்டாக எடுப்பது. ஓட்டுநர்களே குழம்பும் இடம்.

[திரையில்: அதே தாள், அமரில்லோவில் மாற்றம்.]

அமரில்லோ கிடங்கில், “இப்போதைக்கு முடியாது, கூப்பிடுகிறோம், போய்ப் படுங்கள்” என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 10:30-இலிருந்து 1:30 வரை, மூன்று மணி நேரம் படுக்கையில். வேலைப் பொறுப்பு எதுவும் இல்லை என்பதால் இது ஓய்வுதான். அன்றைக்கு இரவு படுக்கையில் 7 மணி நேரம் இருந்தால் இரண்டும் சேர்ந்து பத்து. விதி இதுதான்: ஒரு துண்டு படுக்கையில் குறைந்தது 7 மணி நேரம், இன்னொன்று குறைந்தது 2, கூட்டினால் 10-க்குக் குறையக் கூடாது. இப்படிச் சேர்த்தால் இரண்டு துண்டுமே 14 மணிக் கணக்கில் வராது.

அப்புறம்தான் வம்பு. சரக்கை இறக்க வைத்துவிட்டார்கள். ஒரு வழியாக 2 மணிக்குக் கிளம்பி 6:30 வரை ஓட்டி, 6:30-க்குப் படுத்து 1:30-க்கு எழுகிறார். புதிதாக 11 மணி நேரம் கிடைத்துவிட்டது என்று நினைத்தால் மாட்டிக்கொள்வார். கணக்கு முதல் துண்டு முடிந்த மதியம் 1:30-இலிருந்து தொடங்குகிறது. அதன் பிறகு நாலரை மணி ஓட்டியாகிவிட்டது. மிச்சம் ஆறரைதான்.

காகிதக் காலத்தில் இதெல்லாம் பேனாவின் தயவு. ஒருவரிடமே இரண்டு லாக் புக் இருக்கும். லாக் புக்குக்கு ‘காமிக் புக்’ என்று கிண்டல் பெயரே உண்டு. 2017 டிசம்பர் 18 முதல் பெரும்பாலான வண்டிகளுக்கு எஞ்சினோடு இணைத்த மின்னணுக் கருவி கட்டாயம், சுருக்கமாக ஈஎல்டி. மணிக்கு 5 மைல் வேகத்தை எட்டினால் அதுவே டிரைவிங் வரிசைக்குப் போய்விடும். நின்று ஐந்து நிமிடம் ஆனால் ‘இன்னும் ஓட்டுகிறீர்களா?’ என்று கேட்கும்; ஒரு நிமிடத்துக்குள் பதில் இல்லையென்றால் ஆன் டியூட்டியில் போட்டுவிடும். ஓய்வில் போடாது! ஓய்வை ஓட்டுநர்தான் விரலால் தொட்டுத் தேர்வு செய்ய வேண்டும். மறந்துவிட்டால் பிறகு காரணம் எழுதித் திருத்தலாம், ஆனால் பழைய பதிவும் உள்ளேயே இருக்கும். கருவி தானாகப் பதிந்த ஓட்ட நேரத்தை மட்டும் குறைக்க முடியாது.

அதற்காகக் காகிதம் ஒழிந்துவிடவில்லை. கருவி கெட்டுப்போனால் எழுதிக்கொள்ள 8 நாளுக்காவது வெற்றுத் தாள் கேபினில் இருந்தே ஆக வேண்டும்.

[திரையில்: இரவு. லாரி நிறுத்துமிடம்.]

மறுபடி நம் முதல் தாளுக்கு வருவோம். அல்புகர்கியில் மாலை 6-க்குப் படுத்தார். நள்ளிரவில் தாள் முடிந்துவிடுகிறது, ஓய்வு முடியவில்லை. ஆறு மணி நேரம் இந்தத் தாளில், மீதி நான்கு அடுத்த தாளில். ஒரே ஒரு தாளைப் பார்த்து பத்து மணி நேரம் எடுத்தாரா என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அன்றைய தாளோடு முந்தைய ஏழு நாள் பதிவும் கையில் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இரவு 2:10-க்குக் கதவைத் தட்டும் சத்தம். போலீஸ் அதிகாரி, வண்டியை நகர்த்தச் சொல்கிறார். அப்படியே கிளப்பினால் 5 மைல் வேகத்தில் கருவி டிரைவிங் என்று எழுதும். எட்டு மணி பத்து நிமிட ஓய்வு அதோடு உடைந்தது. நகர்த்துவதற்கு முன்னால் ‘பர்சனல் கன்வேயன்ஸ்’ (சொந்தப் பயணம்) என்பதைத் தேர்வு செய்தால் அந்த ஓட்டம் ஆஃப் டியூட்டியில் ஏறும், நிறுவனம் அனுமதித்திருந்தால். ஓய்வில் இருப்பவரை அதிகாரி நகரச் சொன்னால் இப்படிப் பதியலாம் என்று 2018-இல் எஃப்எம்சிஎஸ்ஏ, அதாவது லாரி, பேருந்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு, தந்த விளக்கத்திலேயே இருக்கிறது. ஸ்லீப்பர், கொஞ்சம் ஆஃப் டியூட்டி, மறுபடி ஸ்லீப்பர். வரிசைதான் மாறுகிறது, ஓய்வு தொடர்கிறது.

4 மணிக்குப் பத்து மணி நேரம் நிறைகிறது. கோடு இரண்டாவது வரிசையிலிருந்து நேராக நான்காவதுக்கு இறங்குகிறது. கீழே ‘அல்புகர்கி, நியூ மெக்சிகோ’. டார்ச்சை எடுத்துக்கொண்டு டயர் பார்க்க இறங்குகிறார். பங்க்கின் சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றுதான். இவர் நேர மண்டலம் தாண்டி வந்திருக்கிறார். ஆனால் லாக் எந்த ஊரில் எழுதினாலும் சொந்த டெர்மினலின், அதாவது அவர் வழக்கமாக வேலைக்குப் புறப்படும் நிறுவன இடத்தின், நேரப்படிதான் ஓடும். இவருடையது ஓக்லஹோமா சிட்டி, அங்கே மணி நான்கு.