பாதிப் படகு: ஜாவா தளத்தில் இருந்து தரவுத்தளத்துக்குப் படம் சேமித்தல்

[திரை: நிலாவெளிக் கரையில் ஒரு படகு. படத்தின் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம்.]

வணக்கம். உப்புவெளியில் விடுதி நடத்தும் ஒருவருக்காக நான் செய்த தளத்தில், முதல் நாள் வந்த படம் இது. புறாத்தீவுக்குப் போய்வந்த விருந்தினர் சுருக்கிப் பதிவேற்றியிருந்தார்; 130 கிலோபைட் இருக்கும். வானம் வந்துவிட்டது, படகில் பாதியைக் காணவில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

[திரை: அட்டவணை. 'பிளாப்' என்ற சொல் சிவப்பில்.]

காரணம் இந்த ஒரு சொல். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில், படம் போன்ற பைனரித் தரவை வைக்கும் பிளாப் புலம் 65,535 பைட்டுக்கு மேல் கொள்ளாது. ஸ்ட்ரிக்ட் மோட் என்ற கண்டிப்பு முறை இயங்கினால், தரவு மிக நீளம் என்று சேர்வர் மறுத்துவிடும். அங்கே அது நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் கொள்ளும் அளவை மட்டும் சேமித்து, மிச்சத்தை வெட்டிவிட்டது. எனக்கு அந்த மௌனம்தான் பயம். மீடியம்பிளாப் என்று மாற்றுங்கள், 16 மெகாபைட் வரை கொள்ளும். ஸ்ட்ரிக்ட் மோடையும் இயக்கிவிடுங்கள்.

[திரை: படிவம், சேர்வ்லெட், தரவுத்தளம். இடையே அம்புக்குறிகள்.]

சரி, படம் வரும் வழி. படிவத்தின் வகை மல்ட்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கோப்பின் பெயர் மட்டும்தான் வரும். படிவம் அனுப்புவதை வாங்கும் ஜாவா நிரலான சேர்வ்லெட்டில் மல்ட்டிபார்ட்கான்ஃபிக் குறிப்பைப் போட்டு, கோப்பின் உச்ச அளவையும் அதிலேயே கொடுங்கள். கெட்பார்ட் மூலம் படத்தை எடுத்து, அதன் ஸ்ட்ரீமை, அதாவது பைட்டுகளின் ஓட்டத்தை, அப்படியே தரவுத்தளக் கட்டளையான பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்டின் செட்பைனரிஸ்ட்ரீமிடம் கொடுங்கள். முழுப் படத்தையும் பைட் வரிசையாக நினைவகத்தில் ஏற்றி வைக்கத் தேவையில்லை.

உலாவி சொல்லும் கோப்பு வகையை நம்பவேண்டாம். முதல் சில பைட்டுகளைப் பாருங்கள்: ஜேபெக் என்றால், பதினறும எண்முறையில் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று தொடங்கும். சரிபார்த்த வகையைத் தனிப் புலத்தில் வையுங்கள், படத்தைத் திருப்பி அனுப்பும்போது அது வேண்டும்.

படங்களுக்குத் தனி அட்டவணை போடுவதுதான் என் வழக்கம். அறைகளின் பட்டியலைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் படங்களைச் சேர்த்து இழுத்துவர வேண்டாமே. சில நூறு படங்கள் உள்ள விடுதிக்குத் தரவுத்தளமே போதும், ஒரே காப்புப்பிரதியில் எல்லாம் அடங்கிவிடும். பல்லாயிரம் பெரிய படங்கள் என்றால் கோப்புகளாக வைத்து, இருப்பிடத்தை மட்டும் அட்டவணையில் எழுதுவேன்.

[திரை: வினவலின் விடை, மூன்று வரிகள்.]

புலத்தை மாற்றியதால் பழைய படங்கள் முழுமையாகிவிடாது. நீளம் சரியாக 65,535 என்று இருக்கும் வரிகளைத் தேடுங்கள். அந்தப் படங்களை அனுப்பியவர்களிடம் மறுபடி கேட்டு வாங்கத்தான் வேண்டும்.