பதினைந்தாம் தேதியும் ஐப்பசி அடைமழையும்

மகளிர் குழுத் தாய்மார்களுக்கும், விவசாயத் தொழிலாளர்களுக்கும், ஊராட்சிப் பணியாளர்களுக்கும், மாணவர்களுக்கும் வணக்கம்.

காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்களில், ஒரு கூலிக் குடும்பத்தில் எந்த மாதம் காசு புழங்கும், எந்த மாதம் அடுப்பு தயங்கும் என்பதை வயலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தால் ஆனி, ஆடியில் குறுவை நெல் நடவு. புரட்டாசியில் ஒரு பக்கம் குறுவை அறுப்பு, மறுபக்கம் சம்பா நடவு. குறுவை அறுத்த வயலில் இரண்டாம் போகமான தாளடி நட்டு முடித்து ஐப்பசியில் கரையேறினால் அதோடு சரி. அப்புறம் அடைமழை. தையில் அறுப்பு தொடங்கும்வரை வேலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. மாசி, பங்குனியில் உளுந்தும் பயறும் பறிக்கப் போகலாம். சித்திரை, வைகாசி மறுபடியும் வெறும் மாதங்கள். 2023-இல் அணை தேதிப்படி திறந்தது, ஆனால் அக்டோபர் 10-இல் மூடிவிட்டார்கள். 2024-இல் ஜூன் 12-இல் திறக்கவே முடியாமல் ஜூலை 28 வரை போயிற்று. வைகாசி வறட்சி அந்த வருடம் ஆடி வரை நீண்டது.

இந்த இரண்டு வறண்ட இடைவெளிகளில்தான் கடன் பிறக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகைபோல வங்கிக் கணக்குக்கே வரும் நேரடிப் பண உதவி என்ன செய்கிறது என்று யார் கேட்டாலும் நான் முதலில் காட்டுவது இந்த இடைவெளிகளைத்தான். எவ்வளவு பணம் என்ற கேள்விக்கு முன்னால் எப்போது வருகிறது என்ற கேள்வி இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐப்பசிக் கடைசியில் பிள்ளைக்குக் காய்ச்சல், கூரையில் ஒழுகல், மளிகைக் கடையில் பற்று ஏறிவிட்டது. ஐயாயிரம் ரூபாய் பத்து வட்டிக்கு வாங்குகிறார்கள். மாதம் 500 வட்டி. தை அறுப்புக் கூலியில் அடைப்பதற்குள் மூன்று மாதம், வட்டி மட்டும் 1,500. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. தைக் கூலி அசலுக்கே போதாவிட்டால் கடன் சித்திரைக்கு நகரும். சித்திரையில் புதுக் கடன் அதன்மேல் ஏறும். இதே குடும்பத்துக்கு அந்த மூன்று மாதமும் பதினைந்தாம் தேதிக்குள் ஆயிரம் ஆயிரமாக வந்தால், ஐயாயிரம் வாங்கவேண்டிய இடத்தில் இரண்டாயிரம் வாங்கினால் போதும். வட்டி 600-இல் நின்றுவிடும். வங்கியிலிருந்து வந்தது மூவாயிரம், கூடவே வட்டிக்காரரிடம் போகாமல் தப்பியது தொள்ளாயிரம். இந்தத் தொள்ளாயிரம் எந்த அரசுக் கணக்கிலும் தெரியாது.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. தொடக்கத்திலேயே ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பவை அப்போது வைத்த முக்கிய வரம்புகள். ஆயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை. நூறு நாள் வேலையில் 2025-26க்கு அறிவித்த கூலி நாளுக்கு 336. அதோடு ஒப்பிட்டால் மூன்று நாள் கூலி. ஆனாலும் மழையில் மூன்று நாள் வேலை நிச்சயம் உண்டு என்று இந்த மண்ணில் எவராலும் சொல்ல முடியாது. தேதி தவறாமல் வரும் பணத்தை நம்பி மளிகைக் கடைக்காரர் பற்று கொடுக்கிறார். வட்டிக்காரரைத் தேடிப் போகிற நடை குறைகிறது.

அந்தப் பணம் எதற்குப் போகிறது? ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வயிறு நிரம்ப அங்கே வழி இருப்பதால், ரொக்கம் அதற்கு மேலே உள்ளவற்றுக்குப் போகிறது. மீன், முட்டை, சிலிண்டர், பிள்ளைகளின் பஸ் செலவு, மாத்திரை. அரிசியும் ரொக்கமும் சேர்ந்து வந்தால்தான் இப்படி நடக்கும். அரிசியை எடுத்துவிட்டு ரொக்கம் தந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர் சோதனைச்சாவடி, அதற்கப்பால் காரைக்கால். அதுவும் இதே காவிரிப் படுகைதான். புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அரிசிக்குப் பதிலாகப் பணம் கணக்கில் போடுவது 2015 செப்டம்பரில் தொடங்கியது. சந்தையில் அரிசி விலை ஏறினால் அந்த ஏற்றம் குடும்பத்தின் தலையில்தான் விழும். பணம் வரத் தாமதமானால் அடுப்பு காத்திருக்காது. அரிசியே வேண்டும் என்று அங்குள்ள மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டார்கள். 2024 தீபாவளியை ஒட்டித்தான் ரேஷன் கடைகள் மீண்டும் திறந்தன. எனவே ரொக்கம் கொடுங்கள், ரேஷனைத் தொடாதீர்கள் என்பதே என் தீர்மானமான கருத்து.

கையில் காசு கொடுத்தால் குடிக்குப் போய்விடும் என்ற பேச்சு மேடைதோறும் கேட்கிறது. பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளை உலக வங்கியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை, சில இடங்களில் குறைந்தும் இருக்கிறது. நம் ஊரில் பார்க்கவேண்டியது வேறு. கணக்கு அம்மாவின் பெயரில் இருக்கும், ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் யாரிடம் இருக்கின்றன? அட்டை கணவரின் சட்டைப் பையில் இருந்தால் உரிமைத் தொகை என்ற பெயரில் மட்டும்தான் உரிமை இருக்கும்.

மாதாமாதமா, மொத்தமாகவா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கென்யாவில் இதை நேராகவே சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்பது மாதத் தவணையாக, இன்னொரு பிரிவுக்கு மொத்தமாக. மாதத் தவணை வாங்கிய வீடுகளில் சாப்பாடு சீரானது. மொத்தமாக வாங்கியவர்கள் தகரக் கூரை போன்ற நிலைத்த பொருள்களை வாங்கினார்கள். அதே நாட்டின் சியாயா பகுதியில் பிறகு 653 ஊர்களில் நடந்த பெரிய ஆய்வில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர் கொடுத்தார்கள். கொடுத்த ஒரு டாலர் உள்ளூரில் கைமாறிக் கைமாறி ஏறக்குறைய இரண்டரை டாலர் பொருளாதாரம் ஆயிற்று, விலைவாசியோ பெரிதாக ஏறவில்லை. அந்த ஆயிரம் டாலரையும் நம் ஆயிரம் ரூபாயையும் ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது. ஆயிரம் ரூபாய் பசியையும் வட்டியையும் தடுக்கும். ஆடு வாங்கித் தராது, கூரை மாற்றாது. அதற்கு மொத்தத் தொகை வேண்டும். அதை வைகாசியில் கொடுத்தால், மழைக்கு முன்னால் கூரை போட நேரம் இருக்கும்.

இனி ஒரு முரண்பாடு. கையால் ஒரு ஏக்கர் நட, நாற்றுப் பறியும் சேர்த்து, பதினைந்து இருபது பெண்களின் ஒரு நாள் உழைப்பு வேண்டும். அரசின் 2024 குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். ஆள் கிடைக்காமல் தவிக்கும் சிறு விவசாயிக்கு அது தேவையான உதவிதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்த நாள் கூலி போய்விட்டது. அறுவடை இயந்திரம் வந்தபோதும் இதுவே நடந்தது. களத்தில் கூலியாக அளந்த நெல்தான் அந்த வீட்டின் சில மாதச் சோறு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து இறந்ததற்குப் பின்னால் இருந்தது அரைப்படி நெல் கூடுதல் கூலிக் கேள்வி. அந்தக் கூலி நெல் இன்றில்லை. மாதம் ஆயிரம் என்பது அப்படிப் போன வேலை நாட்களில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டுகிறது. இதை இலவசம் என்று பேசுகிறவர்கள் நடவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வருடத்துக்கு எத்தனை நாள் வேலை குறைந்தது என்று கேட்டுவிட்டுப் பேசட்டும்.

விவசாயிகளுக்கான மத்திய அரசின் பிஎம் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000, மூன்று தவணையில் இரண்டாயிரம் இரண்டாயிரமாக. ஆனால் நிலம் பெயரில் இருக்கவேண்டும், அதுவும் 2019 பிப்ரவரி 1-க்குள் (வாரிசுரிமையில் வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு). டெல்டாவில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்குப் பயிரிடுகிறவர்கள் ஏராளம். சேற்றில் இறங்குகிறவரிடம் பட்டா இல்லை, பணமும் இல்லை. நிலமே இல்லாத கூலிக் குடும்பம் அந்தத் திட்டத்தின் வாசலுக்கே போகமுடியாது.

வந்த பணத்தை யார் எடுக்கிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். குழுக் கடன் வசூல் பதினாறு, பதினேழாம் தேதியில் வந்து உட்கார்ந்தால் ஆயிரம் ரூபாய் வீட்டுக்குள்ளேயே வராது. ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் போட்டுக் கட்டவேண்டும், அதனால் அக்கம்பக்கத்தாரே வசூல்காரராகிவிடுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக்கூடாது. பேசி வைத்த இடத்தில்தான் வசூல், அங்கே இரண்டு முறை தொடர்ந்து வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது.

வங்கியில் நேரும் சிக்கல்கள் சின்னவை, ஆனால் மூன்று மாதப் பணத்தை விழுங்கும். ஆதார் வழியாக வரும் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். குழுக் கடனுக்காகப் புதுக் கணக்கு தொடங்கிக் கையெழுத்துப் போட்ட பெண்ணுக்குப் பழைய கணக்குக்குப் பணம் வருவது நின்றுவிடும். அரசு நிறுத்திவிட்டது என்று நினைத்து அலைவார். பணம் புதுக் கணக்கில் குவிந்து கிடக்கும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்தம் செய்தால், அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். அதில் இருப்பு வரம்பே கிடையாது. இரண்டு ஆண்டு எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும்.

கைரேகை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். நாற்றுப் பறித்து, சேற்றில் ஊறி, அரிவாள் பிடித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். நடவு மாதங்களில், பணம் எடுத்துத் தரும் வங்கி முகவரின் கைரேகைக் கருவியில் விரலை வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பார்க்கவேண்டும். அப்படியும் விழாவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கவேண்டும். முகவர் "விழல, இன்னொரு தடவ வைங்க" என்று சொன்னால், முதல் தடவைக்கான தோல்விச் சீட்டைக் கேட்டு வாங்கிய பிறகே மறுபடி வையுங்கள். சீட்டில் மீதி இருப்பு அச்சாகியிருக்கும், அதைப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். முதல் தடவையிலேயே பணம் கழிந்து, இரண்டாம் தடவையில்தான் கையில் தருவது என்ற மோசடி இப்படித்தான் நடக்கிறது.

வெள்ள நிவாரணத்திலும் காலம்தான் எல்லாம். 2022 நவம்பர் 11-இல் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் அறிவித்தார்கள். தண்ணீர் வடியும் முன்னே வரும் ஆயிரம் ஒரு கடனைத் தடுக்கும். ஒரு மாதம் கழித்து வந்தால் அந்தக் கடனின் வட்டிக்குப் போகும்.

அக்டோபர் 2-இல் கிராம சபை. ஐப்பசி பிறக்க இரண்டு வாரம்தான் இருக்கும். அதற்குள் ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டுப் போடுங்கள். யாருக்கு எந்தத் தொகை, எந்த மாதத்திலிருந்து நின்றது, எந்த வங்கி, ஆதார் இணைப்பு எங்கே, அட்டை யாரிடம், குத்தகைதாரர் யார் யார், குழுக் கடன் வசூல் எந்தத் தேதி. வசூல் தேதியை ஐந்தாம் தேதிக்கு முன்னோ இருபத்தைந்தாம் தேதிக்குப் பின்னோ மாற்றக் கேட்டு ஒரு கடிதம், நின்றுபோன தொகைக்கு வருவாய்த்துறைக்கு ஒரு மனு, இரண்டையும் சபையில் வாசித்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றுங்கள். தீர்மானத்தின் நகலைக் கையெழுத்தோடு வாங்கிய பிறகே எழுந்திருங்கள்.