சிகரெட் நிறுவனங்களின் கோப்பறை நமக்குத் திறந்தது எப்படி?

வணக்கம் நண்பர்களே. இப்போது திரையில் நீங்கள் பார்ப்பது, பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற அமெரிக்க சிகரெட் நிறுவனத்துக்குள் 1969ஆம் ஆண்டு எழுதப்பட்ட ஒரு குறிப்பின் நகல். 'சந்தேகமே நம்முடைய சரக்கு' என்று அதில் எழுதியிருக்கிறார்கள். பொதுமக்கள் மனத்தில் பதிந்துவிட்ட உண்மைகளோடு போட்டியிடுவதற்கு அதுதான் சிறந்த வழி என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். இந்த வரியை மேற்கோளாகப் பல இடங்களில் படித்திருக்கிறேன். ஆனால், தட்டச்சு எழுத்தும் ஓரத்தில் குத்திய எண்ணுமாக அந்தப் பக்கத்தையே கண்ணால் பார்த்தபோது, நெடுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. அலுவலகத்துக்குள் நாலு பேர் மட்டும் படிப்பதற்காக எழுதிய காகிதம் நம் கைக்கு வந்துசேர்ந்த வழியைத்தான் இன்று பேசப்போகிறேன்.

1994ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி, அமெரிக்காவின் ஏழு பெரிய புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியப் பிரமாணம் செய்துவிட்டு, நிகோடின் மனிதரை அடிமைப்படுத்தும் என்று தாங்கள் நம்பவில்லை என்று ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள். அடுத்த மாதமே, சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஸ்டான்டன் கிளான்ட்ஸுக்கு ஒரு பெட்டி வந்தது. அனுப்பியவர் பெயர் 'மிஸ்டர் பட்ஸ்' என்று மட்டும் இருந்தது. உள்ளே பிரவுன் அண்ட் வில்லியம்சனின் உள் ஆவணங்கள், ஏறத்தாழ 4,000 பக்கங்கள். நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள் என்றும், ஆகவே நாம் அடிமைப்படுத்தும் மருந்தை விற்கும் தொழிலில்தான் இருக்கிறோம் என்றும் அந்த நிறுவனத்தின் சட்டத் தலைவர் அடிசன் யேமன் 1963லேயே எழுதிவைத்த குறிப்பும் அவற்றில் ஒன்று. அந்தக் குறிப்புக்கும் தலைவர்களின் சத்தியப் பிரமாணத்துக்கும் இடையே 31 ஆண்டுகள். காகிதங்களைத் திருப்பித் தரக் கோரி நிறுவனம் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 1995 ஜூன் இறுதியில் காகிதங்கள் வெளியாவதைத் தடுக்க கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஜூலை 1ஆம் தேதி பல்கலைக்கழக நூலகம் அவற்றை இணையத்தில் ஏற்றிவிட்டது.

அது கசிந்து வந்த பெட்டி. சட்டத்தின் வழியாகவே கதவைத் திறந்தது மினசோட்டா மாநிலம். அந்த மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி ஹூபர்ட் ஹம்ஃப்ரி, புளூ கிராஸ் என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்போடு சேர்ந்து 1994 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தார். புகையிலையால் நோயுற்றவர்களுக்குச் செலவான பணத்தைக் கேட்டது வழக்கு. ஆனால், பணத்துக்கு முன்னால் காகிதத்தைக் கேட்டு நின்றதுதான் அந்த வழக்கறிஞர் குழு செய்த பெரிய வேலை என்று நான் நினைக்கிறேன். நிறுவனங்கள், இவை எங்கள் வழக்கறிஞர்களோடு நடத்திய ரகசியப் பேச்சு, காட்ட முடியாது என்று வாதாடின. குற்றத்தையோ மோசடியையோ மறைக்க வழக்கறிஞரின் பெயரைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்ற விதி உண்டு. அந்த விதியின் அடிப்படையில் நீதிபதி கென்னத் ஃபிட்ஸ்பாட்ரிக் வெளியிட உத்தரவிட்ட சுமார் 39,000 ஆவணங்களுக்காக நிறுவனங்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1998 ஏப்ரலில் தோற்றன. மே 8ஆம் தேதி சமரசம் ஏற்பட்டது. 600 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டதோடு, வழக்குக்காகக் கொடுத்த காகிதங்களை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி திறந்துவைக்கவும் அவை ஒப்புக்கொண்டன. அதே ஆண்டு நவம்பரில் 46 மாநிலங்களோடு ஏற்பட்ட பெரிய உடன்படிக்கை, ஆவணங்களை நிறுவனங்களே இணையதளங்களில் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மினசோட்டா சமரசத்தின்படி ஆவணங்களுக்கு இரண்டு கிடங்குகள் அமைந்தன: அமெரிக்க நிறுவனங்களின் காகிதங்களுக்கு மினியாபொலிஸில் ஒன்று, பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற பிரிட்டிஷ் சிகரெட் நிறுவனத்தின் காகிதங்களுக்கு இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் இன்னொன்று. கில்ட்ஃபோர்டு கிடங்கை நடத்தியது அந்த நிறுவனமே. ஒரு நேரத்தில் ஒரு அமைப்பைச் சேர்ந்தவர்கள் மட்டுமே, அதுவும் ஆறு பேருக்கு மிகாமல், உள்ளே போகலாம். பட்டியலில் கோப்பின் பெயர் இருக்குமே தவிர, கோப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு கடிதத்தின் விவரமும் இருக்காது. அப்படி சுமார் 40,000 கோப்புகள். கேட்ட பக்கத்துக்கு நகல் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். இதற்கும் 'பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது' என்றுதான் பெயர். வெளியூரிலிருந்து ஒரு மாணவி தன் செலவில் போய் அங்கே எதைக் கண்டுபிடித்திருக்க முடியும்? கதவைத் திறந்துவிட்டு உள்ளே விளக்கை அணைத்துவைத்தால், அதைத் திறப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்த இருட்டைப் போக்கியவர்கள் நூலகர்களும் ஆய்வாளர்களும். கலிபோர்னியா பல்கலைக்கழக நூலகம் 2002ஆம் ஆண்டு, நிறுவனங்களின் தனித்தனித் தளங்களில் சிதறிக் கிடந்த ஆவணங்களை ஒரே இடத்தில் தேடும்படி தொகுத்துத் திறந்தது. கில்ட்ஃபோர்டு காகிதங்களையும், அந்த நூலகத்தோடு லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும் மேயோ கிளினிக்கும் சேர்ந்து நகலெடுத்து இணையத்துக்குக் கொண்டுவந்தன. இன்று அந்தத் தொகுப்பில் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கின்றன. பார்க்கக் கட்டணம் கிடையாது. புகையிலை நிறுவனங்கள் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 2006இல் 1,600 பக்கங்களுக்கு மேல் எழுதிய தீர்ப்பில், நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றியதை இவ்வகை உள் ஆவணங்களைக் கொண்டே நிறுவினார்.

நீங்கள் தேட விரும்பினால் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். முதலாவது, ஓரத்தில் இருக்கும் அந்த எண். அதைப் பேட்ஸ் எண் என்பார்கள். வழக்கில் ஒப்படைக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் வரிசையாகக் குத்துவது. ஒரு நல்ல கடிதம் கிடைத்தால் அதோடு நிறுத்திவிடாமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அவை ஒரே அலமாரியில் ஒரே கோப்பில் இருந்தவை. அந்தக் கடிதத்துக்கு வந்த பதில் பக்கத்திலேயே இருக்கக்கூடும். இரண்டாவது, நிறுவனத்தார் தங்களுக்குள் பேசிய பெயரில் தேடுங்கள். பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ 1960களில் ஜெனீவாவின் பட்டேல் ஆய்வகத்தில் நடத்திய நிகோடின் ஆய்வுக்கு 'ஹிப்போ' என்று பெயர் வைத்திருந்தது. நிகோடின் என்று மட்டும் தேடினால் லட்சக்கணக்கான காகிதங்களுக்குள் அது அமிழ்ந்துவிடும்; ஹிப்போ என்று தேடினால் நேரே கைக்கு வரும். கையால் எழுதிய குறிப்புகளைக் கணினி சரியாகப் படிக்காது என்பதால், அவற்றை நீங்களேதான் புரட்ட வேண்டும்.

இலங்கையில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலோன் டொபாக்கோ நிறுவனம் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவின் துணை நிறுவனம். தேடல் கட்டத்தில் அந்தப் பெயரை இட்டுத் தொடங்குங்கள்; படிக்கும் ஒவ்வொரு பக்கத்தின் பேட்ஸ் எண்ணையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.