ரசீது யார் பேரில்?

நேயர்களுக்கு வணக்கம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கடற்கரையில் அன்னதான டிரஸ்ட், முதியோர் இல்லம், மாலைநேர டியூஷன் நடத்தும் சங்கம் என்று சின்னச் சின்ன அமைப்புகள் நிறைய. அவற்றில் நன்கொடை வாங்கி, ரசீது எழுதி, பேரேட்டில் ஏற்றுகிறவர்களுக்காக இந்த உரை. கொடுப்பவர் எதிரே நிற்கும் இரண்டு நிமிடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். அப்போது விட்டதைப் பின்னால் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

முதல் கேள்வி, ரசீது யார் பேரில். "மறைந்த அப்பா பேரில் போடுங்க" என்பார்கள். அப்படியே எழுதிவிட்டால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை போய்விடும். ரசீது, பணம் கொடுப்பவர் பேரில். 'இன்னார் நினைவாக' என்பதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். பதிவேட்டிலும் இரண்டும் தனித்தனியே இருக்கட்டும். ஆண்டுதோறும் அந்த நாளில் அன்னதானம் வேண்டும் என்றால் ஆங்கிலத் தேதியா, திதியா, நட்சத்திரமா, ஹிஜ்ரி மாதமா என்று கேட்டு எழுதுங்கள். திதி வருடா வருடம் நகரும். வெறும் தேதியை எழுதி வைத்தால் அடுத்த வருடம் தவறான நாளில் இலை போட்டுவிட்டு, வீட்டாரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது பெயர். ராமேசுவரம் தீவில் நம்புராஜன் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். கீழக்கரையில் செய்யது இப்ராஹிமும், தங்கச்சிமடத்தில் அந்தோணியும் அப்படித்தான். முகமது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் அஞ்சாறு விதமாக எழுதுகிறார்கள். ஆகவே பெயரை வைத்து ஆளைத் தேடாதீர்கள். ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் மாறாத ஒரு வரிசை எண் கொடுங்கள். பான் அட்டையில் உள்ளபடி பெயர், ஊரில் கூப்பிடும் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், கைபேசி எண் என்று ஐந்தையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். இனிஷியல் ஒன்றே பான் அட்டையில் தகப்பனார் பெயராக முழுசாக விரிந்து நிற்கும், கவனம். இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையதா என்று சந்தேகம் வந்தால், பெயர் தவிர இன்னும் இரண்டு விவரமாவது ஒத்துப்போன பிறகே சேருங்கள். தவறாகச் சேர்த்ததைப் பிரிப்பது, தனித்தனியாக விட்டு வைப்பதைவிடப் பத்து மடங்கு வேலை.

பான் எண் பத்து எழுத்து: முதல் ஐந்து ஆங்கில எழுத்து, நான்கு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. நான்காம் எழுத்து 'பி' என்றால் தனிநபர், 'சி' கம்பெனி, 'எஃப்' கூட்டு நிறுவனம், 'டி' டிரஸ்ட். படகுச் சங்கம் ஒன்று வசூல் செய்து கொடுக்கும்போது பொருளாளர் தன் சொந்த பான் எண்ணை எழுதிவிட்டுப் போவார். நான்காம் எழுத்தைப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். விட்டுவிட்டால் ஊர்ப் பணம் முழுவதும் அவர் ஒருவர் கொடுத்ததாக வருமான வரிக் கணக்கில் ஏறும்.

ரொக்கம் ரூ. 2,000க்கு மேல் போனால், நன்கொடையாளருக்கு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு தரும் வரிச்சலுகை கிடையாது. ஒரே நாளில் ஐந்து ரசீதாகப் பிரித்து எழுதச் சொல்வார்கள், எழுதாதீர்கள். அரிசி, துணி, மருந்தாகக் கொடுத்தாலும் சலுகை இல்லை. பொருள் பதிவேட்டில் எடையும் எண்ணிக்கையும் எழுதி, பொருள் ரசீது கொடுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கும் இந்தச் சலுகை கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு மனத்தாங்கல் இருக்காது.

கைபேசியில் பணம் வந்தால் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ரசீது போடாதீர்கள். வங்கி ஸ்டேட்மெண்டில் அந்தப் பரிமாற்றத்துக்கான 12 இலக்க அடையாள எண்ணான யுடிஆர் எண் வந்ததா என்று பார்த்த பிறகு போடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஒருமுறை, ஸ்டேட்மெண்டை வைத்து ஒருமுறை என இரட்டை வரவு ஏறுவது இங்கேதான். எக்செல்லில் எழுதுகிறவர்கள் யுடிஆர், ஆதார், ரசீது எண் கட்டங்களை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீண்ட எண்ணைச் சுருக்கிக் காட்டும், முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். செக் என்றால் 'பணமானால் மட்டுமே செல்லும்' என்ற வரி ரசீதில் இருக்கட்டும். செக் திரும்பினால் ரசீதை ரத்து செய்து, அடிக்கட்டையோடு சேர்த்து வையுங்கள், கிழிக்க வேண்டாம். உப்புக் காற்றில் குண்டூசி துருப்பிடித்துத் தாளைத் தின்னும் என்பதால் நூலால் கட்டுவது நல்லது.

நம் கடற்கரைக்கென்றே உள்ள சிக்கல் கடல் தாண்டி வரும் பணம். துபாயில் வேலை பார்ப்பவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கி வையுங்கள். அதே தெருக்காரர் சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை எடுத்திருந்தால் கதை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், ஊருக்கு வந்து ரூபாயாகவே கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. பதிவு உள்ள அமைப்பும் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் மட்டுமே வாங்கலாம். "எந்த ஊரு?" என்று கேட்டால் எல்லாரும் கீழக்கரை என்றுதான் சொல்வார்கள். "எந்த நாட்டுப் பாஸ்போர்ட், அண்ணே?" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

ரமலான் மாதத்தில் இஸ்லாமியர்கள் கடமையாகக் கொடுக்கும் சகாத் பணத்தைத் தனித் தலைப்பில் ஏற்றுங்கள், பொதுச் செலவில் கலக்கக் கூடாது. முதலைச் செலவழிக்காமல் வைக்கும் மூலநிதிக்கு என்று கொடுத்தால் கொடுத்தவரிடம் எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் தணிக்கையில் நிற்காது. உண்டியலை இருவர் எண்ணி இருவரும் கையெழுத்திடட்டும்.

மார்ச் 31 வரை யார் எவ்வளவு கொடுத்தார் என்று பான் எண்ணோடு வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும் 10பிடி அறிக்கையை மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளுக்கு ரூ. 200 தாமதக் கட்டணம். நான் சொன்ன 80ஜி பிரிவும் படிவமும் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால், அந்தந்த ஆண்டுக்கு எந்தப் படிவம் என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது, அப்போது நன்கொடை கேட்காதீர்கள். பான் எண் விடுபட்டவர்களின் பட்டியலை மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் என்று ஊர்வாரியாகப் பிரித்து, ஏப்ரல் கடைசிக்குள் நேரில் போய் அட்டையைப் பார்த்தே எழுதுங்கள். மே முதல் வாரம் வங்கிக் கணக்கோடு ஒருமுறை சரிபார்த்துத் தாக்கல் செய்துவிட்டால், தவறைத் திருத்திய அறிக்கை போடவும் நாள் மிச்சம் இருக்கும். பிறகு, கொடுத்தவருக்கு வரிச்சலுகை கேட்க உதவும் 10பிஇ சான்றிதழைப் பதிவிறக்கி அனுப்புங்கள். வாட்ஸப்பில் அனுப்பும் முன், அந்த எண் கொடுத்தவருடையதா, வெளியூரில் இருக்கும் மகனுடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.