நிழல் கறுப்பு இல்லை

நேயர்களுக்கு வணக்கம். ஓவிய நண்பர்கள் சிலர் சேர்ந்து கொழும்பில் ஒரு கூட்டுக் கண்காட்சி வைத்திருக்கிறோம். பாரிஸில் பிறந்த இம்பிரெஷனிச ஓவியங்கள்தான், அதாவது ஒரு கணத்தின் வெளிச்சத்தைத் தனித்தனித் தீற்றல்களால் பிடிக்கிற ஓவியங்கள்தான், எங்களுக்குத் தூண்டுதல். வரைந்திருப்பது காலிமுகத்திடலையும் வெள்ளவத்தைக் கடற்கரையையும் புறக்கோட்டைச் சந்தையையும்.

முதல் நாளே ஒரு பெரியவர் வந்தார். ஒரு படத்தில் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது முடிக்காத படம் போலக் கிடக்கு. அவசரத்தில கொண்டுவந்திட்டியளோ?" என்று கேட்டார். எனக்கு அவரை நன்றாகப் பிடித்துவிட்டது. 1874இல் இம்பிரெஷனிச ஓவியர் மொனேயின் துறைமுகப் படத்தைப் பார்த்த லூயி லெரோய் என்ற பத்திரிகைக்காரரும் ஏறக்குறைய இதைத்தான் எழுதினார். சுவரில் ஒட்டுகிற தாள்கூட இதைவிட முடிந்த வேலை என்றார் அவர்.

"ஐயா, ஒரு பத்தடி பின்னுக்கு வாங்கோ" என்றேன். வந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இது மழை விட்ட பிறகு காலி வீதியெல்லே!" என்றார். அதன்பின் ஒவ்வொரு படத்துக்கும் கிட்டப் போவதும் பின்னால் வருவதுமாகவே இருந்தார். கிட்டப் போனால் நீலமும் செம்மஞ்சளும் தனித்தனித் தீற்றல்கள். தள்ளி நின்றால் ஈரத் தார், அதில் பஸ்ஸின் விளக்கு. தீற்றல்களைச் சேர்க்கிற வேலையை ஓவியர் நம் கண்ணுக்கு விட்டுவிடுகிறார். வருகிறவர்கள் தயவுசெய்து தள்ளி நின்று பாருங்கள். அப்புறம் கிட்டப் போங்கள்.

இனி நிழலுக்கு வருகிறேன். நான் எங்கே பேசினாலும் நிழலுக்கு வந்துவிடுவேன். பாடசாலையில் மரத்தின் நிழலுக்கு நாமெல்லாரும் கறுப்புப் பென்சிலைத்தான் எடுத்தோம். நிழல் கறுப்பு இல்லை. இன்று பின்னேரம் வெயில் சாயும்போது, வானம் வெளித்திருந்தால், ஒரு வெள்ளைச் சுவரில் விழுகிற நிழலைப் பாருங்கள். சூரியனின் மஞ்சள் வெளிச்சம்தான் அங்கே மறைக்கப்படுகிறது. வானத்தின் நீல வெளிச்சம் அங்கேயும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் நிழலில் நீலம் ஏறும். பக்கத்தில் செம்மண் முற்றம் இருந்தால் சுவரின் அடியில் சிவப்பும் கலக்கும். சும்மா நம்பவேண்டாம், போய்ப் பாருங்கள்.

மொனே பனியின் மேல் விழுந்த வேலி நிழலை நீலமாகத் தீட்டினார். வேலிப் படலில் ஒரு மாக்பை பறவை இருக்கும். அந்தப் படத்தை 1869இல் அரச கண்காட்சியின் நடுவர்கள் ஏற்கவில்லை. இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். அதனால்தான் 1874இல் முப்பது பேரளவில் காசு சேர்த்து, நடுவர் எவரும் இல்லாமல், நாடார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில் தங்கள் படங்களைத் தாங்களே மாட்டினார்கள். அப்படி எட்டுக் கண்காட்சிகள் நடந்தன. எட்டிலும் படம் வைத்தவர் பிசாரோ என்ற ஓவியர் ஒருவர்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இதே கொழும்பில் 1943இல் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டைச் சுற்றிச் சேர்ந்த '43 குழு என்ற ஓவியர் குழுவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல, ஐவன் பீரிஸ் எல்லாரும் அதில் இருந்தவர்கள். பார்ன்ஸ் பிளேசில் அதே குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இன்று சபுமல் மன்றமாக இருக்கிறது. அவர்களுடைய படங்களை அங்கே பார்க்கலாம். எங்கள் கண்காட்சிக்கும் வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வணக்கம்.