ஹரிகேன் எண் சொல்வதும் சொல்லாததும்

வணக்கம் நண்பர்களே! ‘ஹரிகேன் மூன்றாம் வகைக்குக் குறைந்தது’ என்று செய்தி வந்ததும் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அந்த எண் எதை அளக்கிறது என்று பேசத்தான் இந்தக் காணொளி.

திரையில் தெரியும் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். மேகம் திரண்டிருந்தால் மட்டும் போதாது. வெதுவெதுப்பான கடலுக்கு மேலே, ஒரு மையத்தைச் சுற்றிக் காற்று முழு வட்டமாகச் சுழல வேண்டும். இடிமழை மேகங்களும் கலையாமல் நிற்க வேண்டும். அப்போதுதான் அது தாழ்வு மண்டலம். காற்று மணிக்கு 63 கிலோமீட்டரை எட்டினால் வெப்பமண்டலப் புயல். பெயர் சூட்டுவதும் அப்போதுதான். 119-ஐத் தொட்டால் ஹரிகேன். மேற்குப் பசிபிக்கில் இதையே டைஃபூன் என்கிறார்கள்.

இந்த வேகம் நொடிப்பொழுதில் வீசி ஓயும் காற்றுடையது அல்ல. 10 மீட்டர் உயரத்தில் எடுக்கப்படும் ஒரு நிமிடச் சராசரி. அதுவும் புயலுக்குள் எங்கே மிக அதிகமோ, அந்த இடத்துக் கணக்கு. கடலுக்கு நடுவே எப்படி அளப்பது? விமானம் கண்சுவரை, அதாவது புயலின் மையத்தைச் சுற்றி நிற்கும் மேக வளையத்தைத் துளைத்துப் பறந்து, டிராப்சோண்ட் என்ற குழாய் வடிவக் கருவியைக் கீழே போடுகிறது. சிறிய பாராசூட்டில் இறங்கும் அது, காற்று, அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் என எல்லாவற்றையும் கடலில் விழும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைக்கும் கருவி இதுதான்!

அடுத்தது சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோல். ஹெர்பர்ட் சாஃபிர் கட்டடப் பொறியாளர். ராபர்ட் சிம்ப்சன் அமெரிக்கத் தேசிய ஹரிகேன் மையத்தின் இயக்குநராக இருந்தவர். ஒன்று முதல் ஐந்து வரை வகைகள். 178 கிலோமீட்டரில் மூன்றாம் வகை, 252-இல் ஐந்தாம் வகை. கூரைக்கும் சுவருக்கும் என்ன ஆகும் என்பதைச் சொல்ல இது நல்ல அளவுகோல்தான். தண்ணீரைப் பற்றி இது வாயே திறக்காது.

அமெரிக்காவின் மிசிசிப்பிக் கடற்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் கமீல் என்ற ஹரிகேன் ஐந்தாம் வகையாகவே அங்கே கரையைக் கடந்தது. 2005-இல் கத்ரீனா கரையேறியபோது மூன்றாம் வகை. ஆனால் கத்ரீனாவில்தான் கடல் அதிக உயரம் பொங்கியது. சில இடங்களில் 8 மீட்டருக்கும் மேல். கத்ரீனாவின் பரப்பு மிகப் பெரியது. முந்தைய நாள் ஐந்தாம் வகையாக இருந்தபோது திரட்டிய நீர், காற்று தணிந்ததும் அடங்கிவிடவில்லை. கமீலிலேயே தப்பிய வீடு இது என்று நம்பி, வெளியேறாமல் தங்கியவர்கள் இருந்தார்கள். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மழையின் கதை இன்னும் மோசம். 2001-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரை மூழ்கடித்த அலிசன் புயல் ஹரிகேனாக மாறவே இல்லை. அப்படியிருந்தும், பெரும் சேதம் செய்த புயல்களுக்குச் செய்வதுபோல, அதன் பெயரை இனி வேறு புயலுக்குச் சூட்டாதபடி பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

முன்பு சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோலோடு கடல் எழுச்சியின், அதாவது புயல் தள்ளிக் கரையில் பொங்கும் கடல்நீரின் உயரத்தையும் சேர்த்துச் சொல்லி வந்தார்கள். ஒரே வகைப் புயல்கள் வெவ்வேறு கரைகளில் வெவ்வேறு உயரத்துக்கு நீரைத் தள்ளுவதால் 2010-இல் அதை எடுத்துவிட்டார்கள். 2017 முதல் அமெரிக்கத் தேசிய ஹரிகேன் மையம் கடல் எழுச்சிக்கென்றே தனி எச்சரிக்கை விடுக்கிறது. கரையோரம் இருப்பவர்கள் வகை எண்ணுக்கு முன்னால் தேடிப் படிக்க வேண்டியது அதைத்தான்.